அலாஸ்காவில் கைடு வைத்து மூஸ் வேட்டை: கொம்புக்கு முன்னால் கறியின் கணக்கைப் போடுங்கள்

மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கான மூஸை வேட்டையாட அலாஸ்கா போகலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்பதுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 540 முதல் 725 கிலோ வரை எடை இருக்கும். எலும்பு, தோல், குடல் எல்லாம் போக, கறி மட்டுமே சுமார் 225 கிலோ தேறும். சாலையே இல்லாத இடத்தில், முழங்கால் வரை இறங்கும் சதுப்பில், அவ்வளவு கறியையும் யார் தூக்குவது, எவ்வளவு தூரம், எந்த விமானத்தில் ஏற்றுவது? எங்கே முகாம் போடுவது, எந்த மூஸைச் சுடாமல் விடுவது, எந்தக் கைடிடம் பணம் கட்டுவது எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான்.

முதலில் உங்களுக்குக் கைடு கட்டாயமா என்று பாருங்கள். வேறு மாநிலத்தில் வாழும் அமெரிக்கக் குடிமகன் அலாஸ்காவில் மூஸ் வேட்டைக்குக் கைடு வைக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பழுப்புக் கரடி, டால் செம்மறி (மலையில் வாழும் காட்டுச் செம்மறி), மலை ஆடு இந்த மூன்றுக்கும்தான் அவருக்குக் கட்டாயம். ஆனால் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு, அதாவது டொராண்டோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ கிளம்பி வருபவர்களுக்கு, பெரிய விலங்கு எதுவாக இருந்தாலும் அலாஸ்கா லைசென்ஸ் உள்ள கைடு கூடவே இருக்கவேண்டும். "என் அண்ணன் ஆங்கரேஜில்தான் இருக்கிறான், அவனோடு போய்க்கொள்கிறேன்" என்பது இங்கே செல்லாது. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குடியேற்றம் அல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. எனவே லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்னால் பயிற்சிக்கு என்றுகூடத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். உங்கள் விசா நிலைக்கு எது பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? அலாஸ்காவில் வேட்டைத் தொழில் செய்பவர்களில் இரண்டு ரகம் உண்டு, இவர்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். டிரான்ஸ்போர்ட்டர் என்பவர் உங்களைக் காட்டில் இறக்கிவிடுவார், திரும்ப ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான். மூஸ் எங்கே என்று காட்டவோ கூட நின்று உதவவோ அவருக்கு அனுமதி இல்லை. பதிவு பெற்ற கைடு-அவுட்ஃபிட்டர்தான் வேட்டையை ஒப்பந்தம் போட்டு நடத்த முடியும். அவருக்குக் கீழே உதவிக் கைடுகள் இருப்பார்கள், களத்தில் பெரும்பாலும் உங்களோடு நாள் முழுக்க இருக்கப்போவது அவர்களில் ஒருவர்தான். அதனால் முதலாளியின் பேர் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், "என்னோடு வரப்போகிற கைடு யார், அவர் உங்களிடம் எத்தனை சீசனாக இருக்கிறார்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், நிலம் யாருடையது என்பது. ஃபெடரல் வனவிலங்குப் புகலிடங்களில், கொயுகுக், இன்னோகோ, டோகியாக் மாதிரியான இடங்களில், கைடுகளுக்குப் போட்டி முறையில் பகுதி ஒதுக்குகிறார்கள். பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒரு கைடுதான். மாநில அரசு நிலத்தில் கதையே வேறு. அங்கே கைடுகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கும் முறையை 1988ல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதனால் ஒரே ஆற்றுவளைவில் மூன்று முகாம்கள் இருக்கவும் வாய்ப்புண்டு. பெரிய கொம்புதான் குறிக்கோள் என்றால் இந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் தரலாம் என்பது என் கருத்து. மூஸின் கொம்பு பத்துப் பன்னிரண்டு வயதில்தான் உச்சத்தைத் தொடும். ஆண்டுதோறும் நான்கு பேர் சுட்டுக்கொண்டிருக்கிற பள்ளத்தாக்கில் எந்த மூஸும் அந்த வயதை எட்டாது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். மேற்கு அலாஸ்காவில் நல்ல கைடு வேட்டை 20,000 அமெரிக்க டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. 30,000 தாண்டுவதும் சகஜம். அதற்கு மேல் வெளிநாட்டவருக்கான வேட்டை லைசென்ஸ் 600 டாலர், மூஸுக்கான லாக்கிங் டேக் (சுட்ட விலங்கில் பூட்டவேண்டிய அடையாள வில்லை) 1,000 டாலர், கைடுக்கு டிப்ஸ் (பத்து சதவீதம் வழக்கம்), அப்புறம் கறியை ஊருக்கு அனுப்பும் செலவு. இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கைடு சேவை தரக்கூடாது என்பது அலாஸ்கா சட்டம், ஆகவே ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்கும்போது விரலை வைத்துத் தேடவேண்டியது: கறியைக் காட்டிலிருந்து வெளியே பறக்கவைக்கும் செலவு யாருடையது, வானிலையால் முடங்கிய நாட்களுக்கு ஈடு உண்டா, காயப்பட்டுத் தப்பிய மூஸ் உங்கள் கணக்கில் சேருமா. இந்த மூன்றாவதற்குப் பெரும்பாலான முகாம்களில் பதில் "ஆமாம்". ரத்தம் வந்தால் உங்கள் வேட்டை முடிந்தது.

காலம். மாநிலத்தை 26 வேட்டை யூனிட்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு. வெளியாருக்குப் பல யூனிட்களில் செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து 20 அல்லது 25க்குள் மூடிவிடுவார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் கொம்பின் மேல் இருந்த வெல்வெட் தோல் உரிந்திருக்கும், ஆனால் ஆண் மூஸ்கள் இன்னும் சோம்பலாக வில்லோ புதருக்குள் படுத்திருக்கும். மாதக் கடைசியை நெருங்க நெருங்க இனச்சேர்க்கைக் காலம் சூடு பிடிக்கும், கூப்பிட்டால் வரும். சீசனின் கடைசிப் பத்து நாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறை உண்டு: அந்தச் சமயத்தில் பெரிய ஆண்கள் தீனியே எடுக்காமல் பெண்கள் பின்னால் அலையும், கறியில் ஒரு வீச்சம் ஏறிவிடும். கறியும் நன்றாக இருக்கவேண்டும் என்பவர்களுக்கு மாத நடுப்பகுதிதான் தோது.

துப்பாக்கி விஷயத்தை இப்போது பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து சொந்த ரைஃபிள் கொண்டுவர அமெரிக்காவில் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் துறையிடம் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்கவேண்டும், அது வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம். முதல் முறை வருபவர் கைடிடமே வாடகைக்கு வாங்கிக்கொள்வது உத்தமம். தோட்டா ரகங்களில் .30-06 போதும், .300 வின்செஸ்டர் மேக்னம் தாராளம், .338 தோளுக்கு ஒத்துக்கொண்டால் நல்லது, பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுவீர்கள் என்றால் வேண்டாம். தோட்டா சிதறாமல் ஆழமாக இறங்கும் கெட்டி ரகமாக இருக்கட்டும். பயிற்சியை மேசையில் துப்பாக்கியைச் சாய்த்துச் செய்யாதீர்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்து, மூச்சு வாங்குகிற நிலையில் 200 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு குறியை விடாமல் அடிக்க முடிந்தால் நீங்கள் தயார்.

உடலைத் தயார் செய்வது இதைவிட முக்கியம். ஜிம்மில் ஓடுவது போதாது. முதுகில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், மணலில் நடங்கள். டன்ட்ராவில், அதாவது மரமில்லாத குளிர்ப் பிரதேச வெளியில், புல் திட்டுகள் பந்து பந்தாக நிற்கும், மேலே கால் வைத்தால் சாயும், நடுவில் வைத்தால் தண்ணீர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆவது அங்கே சாதாரணம்.

மூட்டை முடிச்சுக்கு விமானிதான் எல்லை வகுப்பார். ஆங்கரேஜிலிருந்து பெதல், டில்லிங்ஹாம், மெக்ராத் மாதிரியான சிற்றூர் வரை சாதாரண விமானம், அங்கிருந்து மிதவை பொருத்திய பீவர் அல்லது செஸ்னா 206 ரகச் சிறு விமானம், சில முகாம்களுக்கு ஒரே ஒரு பயணி உட்காரக்கூடிய சூப்பர் கப் ரக விமானம். ரைஃபிள் உட்பட சுமார் 25 கிலோதான் பெரும்பாலும் அனுமதி. கெட்டியான சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், நனையாத மென்பை கொண்டுபோங்கள். பருத்தித் துணி, ஜீன்ஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை, மூச்சு விடும் துணி என்று விளம்பரம் செய்யாத ரப்பர் ரக மழைக்கோட்டு, இடுப்பு வரை வரும் பூட்ஸ், 10 மடங்கு பைனாகுலர். கரடி ஸ்ப்ரேயைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது, சிற்றூரில் வாங்கிக்கொள்ளவேண்டும். சிறு விமானத்திலும் அதை உள்ளே வைக்க விமானி விடமாட்டார், வெளியே மிதவையில் கட்டுவார். திரும்பி வரும் டிக்கெட்டை வேட்டை முடியும் நாளைக்கே போடாதீர்கள். மூடுபனி இறங்கினால் இரண்டு மூன்று நாள் யாரும் வரமாட்டார்கள், கைடைத் திட்டிப் பயனில்லை.

முகாமில் இறங்கிய அன்றே சுட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறு விமானத்தில் பறந்த நாளுக்கு மறுநாள் அதிகாலை 3 மணி வரை பெரிய விலங்கு எதையும் வேட்டையாடக்கூடாது. எதிரே ஆற்றங்கரையில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாலும் கூடாது.

வேட்டை என்று நீங்கள் கற்பனை செய்து வைத்திருப்பது பெரும்பகுதி உட்கார்ந்திருப்பதுதான். ஒரு மேட்டில் ஏறி, காலை வெளிச்சம் வந்ததிலிருந்து பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் புதர்க்காட்டைக் கோடு கோடாகத் தேடவேண்டும். முழு மூஸைத் தேடாதீர்கள். வெயில் பட்டால் கொம்பின் தட்டு ஒரு நொடி வெள்ளையாக மின்னும், காற்றே இல்லாதபோது ஒரு வில்லோ புதர் மட்டும் ஆடும். அதுதான் அடையாளம். அலுத்துப்போய் நடக்கக் கிளம்புபவர்கள் தங்கள் வாடையைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரப்பிவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

கூப்பிடுவதைக் கைடிடம் விட்டுவிடுங்கள், ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பெண் மூஸின் குரல் மூக்கால் அழுவதுபோல நீளமாக இழுத்து, கடைசியில் தேய்ந்து இறங்கும். கையைக் குவித்தோ பிர்ச் மரப்பட்டைக் குழலை வைத்தோ அதை எழுப்புவார்கள். ஆணின் குரல் ஆழத்திலிருந்து "உங்... உங்..." என்று ஒற்றை ஒற்றையாக வரும். பழைய கைடுகள் காய்ந்த மூஸ் தோள்பட்டை எலும்பு ஒன்றை வைத்திருப்பார்கள். அதை ஸ்ப்ரூஸ் மரத்தில் மேலும் கீழும் தேய்த்து, கிளைகளை முறித்தால், இன்னொரு ஆண் கொம்பைத் தேய்க்கிற சத்தம் அச்சு அசலாக வரும். எங்கேயோ இருக்கிற ஆணுக்கு இது ஒரு சவால். கிலோமீட்டர் கணக்கான தூரத்திலிருந்து கேட்டுவிட்டு அது உடனே வராமல் மறுநாள் காலையில் சரியாக நீங்கள் கூப்பிட்ட இடத்துக்கே வந்து நிற்கும், ஆகவே கூப்பிட்ட இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது. வரும்போதும் நேராக வராது, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். உங்களைக் கைடு அவருக்கு முன்னால், காற்றுக்குக் கீழ்ப்பக்கம் தள்ளி உட்காரவைப்பது அதனால்தான். அந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள்.

இப்போது இந்த வேட்டையிலேயே கடினமான கட்டம். வெளியாருக்குப் பெரும்பாலான யூனிட்களில் விதி இதுதான்: கொம்பின் அகலம் 50 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அல்லது ஒரு பக்கத்திலாவது நெற்றிக் கிளைகள் நான்கு (சில யூனிட்களில் மூன்று) இருக்கவேண்டும். 49 அங்குல மூஸைச் சுட்டால் கொம்பும் கறியும் பறிபோகும், வழக்கும் வரும், கைடின் லைசென்ஸுக்கும் ஆபத்து. அதனால் அவர் "பொறு" என்றால் பொறுங்கள், நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அளப்பது எப்படி? மூஸ் உங்களை நேராகப் பார்க்கும் வரை காத்திருக்கவேண்டும். இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 10 அங்குலம். அந்த அகலத்தை மனதில் எடுத்து, கொம்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஐந்து தடவை அடுக்கிப் பாருங்கள். கொம்பு ஐந்தைத் தாண்டித் தாராளமாக நீண்டால் சரி, இழுத்துப் பிடித்துத்தான் ஐந்து வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். அடுத்து நெற்றிக் கிளைகள். கொம்பின் பெரிய தட்டுக்கு முன்னால், முகத்துக்கு மேலே தனியாகப் பிரிந்து நிற்கும் பகுதி இருக்கிறதே, அதில் நீளும் முனைகளை மட்டும் எண்ணவேண்டும். ஒவ்வொரு முனையும் ஓர் அங்குலமாவது நீளம் இருக்கவேண்டும், அகலத்தைவிட நீளம் கூடுதலாகவும் இருக்கவேண்டும். மொட்டாக முளைத்திருப்பதெல்லாம் கணக்கில் வராது. இளசுகளுக்கு அங்கே ஒற்றைக் குச்சியோ ஒரு கவையோதான் இருக்கும். முதிர்ந்ததற்கு அந்த நெற்றிப் பகுதியே கை விரித்ததுபோல் தட்டாக அகன்று, அதிலிருந்து விரல் விரலாகக் கிளம்பும். நடையும் காட்டிக்கொடுக்கும்: பெரியது நடக்கும்போது தலை இடமும் வலமுமாக ஆடும், கொம்பின் பாரம் அப்படி.

பார்த்தாயிற்று, சட்டத்துக்கு உட்பட்டதுதான். இன்னும் ஒரு கேள்வி பாக்கி, அது எங்கே நிற்கிறது? ஆற்றிலிருந்தோ விமானம் இறங்கும் ஏரியிலிருந்தோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் என்றால் நல்ல கைடு தலையை ஆட்டமாட்டார். குளத்துக்குள் நின்றால் கரையேறும் வரை பொறுக்கவேண்டும். தண்ணீரில் விழுந்த 700 கிலோவை அறுப்பதற்கு நிகரான தண்டனை கிடையாது.

சுடும்போது பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலும் இதயமும் அங்கேதான். தலைக்கோ கழுத்துக்கோ குறி வைக்காதீர்கள். அடிபட்ட மூஸ் பல நேரம் ஒன்றுமே நடக்காததுபோல நின்றுகொண்டிருக்கும், தவறிவிட்டது என்று நினைத்துத் துப்பாக்கியை இறக்கிவிடாமல், அது கீழே விழும் வரை மறுபடி மறுபடி சுடுங்கள். ஒரே தோட்டாவில் விழுந்தது என்று பெருமை பேசுவதைவிட தண்ணீருக்குள் போகாமல் விழுந்ததுதான் முக்கியம்.

படம் எடுத்துக்கொண்டதும் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முன்னங்கால் சப்பை இரண்டு, பின்னந்தொடை இரண்டு, விலாக்கறி, கழுத்துக்கறி, முதுகுக்கறி எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும். கறியை வீணாக்குவது அலாஸ்காவில் கடும் குற்றம். பல யூனிட்களில் சப்பை, தொடை, விலா மூன்றையும் எலும்பிலிருந்து பிரிக்காமலே வெளியே கொண்டுவரவேண்டும். ஒரு பின்னந்தொடை எலும்போடு ஐம்பது அறுபது கிலோ இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து முதுகுப்பைச் சட்டத்தில் ஏற்றி, மூன்றாவது கை கொடுத்து எழுப்பவேண்டியிருக்கும். ஆண் என்பதற்கான உறுப்பின் ஒரு பகுதியைப் பின்னந்தொடையோடு ஒட்டியபடியே விடவேண்டும், அதிகாரி பார்த்தால் அதைத்தான் முதலில் கேட்பார். முக்கியமான விதி, கறி முழுக்க வெளியே வந்த பிறகோ கடைசிச் சுமையோடோதான் கொம்பை நகர்த்தலாம். கொம்பை முதலில் முகாமுக்குத் தூக்கி வருவது சட்டப்படி குற்றம். என்னைக் கேட்டால் அலாஸ்காவின் வேட்டைச் சட்டத்திலேயே புத்திசாலித்தனமான வரி இதுதான்.

கறி கெடுவதற்கு மூன்று காரணங்கள்: சூடு, ஈரம், அழுக்கு. தோலை உடனே உரித்து, துணிப்பையில் போட்டு, கழியில் தொங்கவிட்டு, மேலே மட்டும் தார்ப்பாய் கட்டி, பக்கங்களில் காற்று போகவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்து ஓர் ஓடு மாதிரி பிடித்துக்கொண்டால் ஈ உட்காராது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரே ராத்திரியில் நாறிவிடும். குடல் கிடக்கிற இடத்திலிருந்து கறியைச் சற்றுத் தள்ளித் திறந்தவெளியில் அடுக்குங்கள். அடுத்த சுமைக்குத் திரும்பும்போது தூரத்திலேயே நின்று பைனாகுலரில் பார்த்து, பேசிக்கொண்டே போங்கள். பழுப்புக் கரடி வந்து குவியலின் மேல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் அது இப்போது அதன் சொத்து, உரிமை கொண்டாடப் போகாதீர்கள், கைடு சொல்வதைக் கேளுங்கள்.

கொம்பு முப்பது கிலோவைத் தாண்டலாம், சிறு விமானத்துக்குள் நுழையாது. வெளியே மிதவைத் தாங்கியில் கட்ட எல்லா விமானிக்கும் அனுமதி இருக்காது. சிலர் மண்டையோட்டை நடுவில் பிளக்கச் சொல்வார்கள். சுவரில் மாட்ட மட்டும் என்றால் பிளக்கலாம். பெரிய கொம்புகளின் சாதனைகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் பட்டியலில் ஏறவேண்டும் என்ற ஆசை இருந்தால் பிளக்கவே கூடாது, பிளந்த மண்டையோட்டை அவர்கள் ஏற்கமாட்டார்கள். அலாஸ்கா-யூகான் மூஸுக்கு அந்தப் பட்டியலின் நிரந்தர வரிசையில் இடம் பிடிக்க 224 புள்ளி வேண்டும். 60 நாள் காய்ந்த பிறகுதான் அதிகாரபூர்வமாக அளப்பார்கள். அகலம் மட்டும் போதாது, தட்டின் நீளம், அகலம், முனைகளின் எண்ணிக்கை, அடித்தண்டின் சுற்றளவு எல்லாம் சேரும். 60 அங்குல அகலம் உள்ள மூஸே இதற்குள் வராமல் போவதுண்டு. இந்த எண்ணை விமானம் ஏறுவதற்கு முன்பே மறந்துவிட்டால் வேட்டை நன்றாக இருக்கும்.

அவ்வளவு கறியையும் யாராலும் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு பெட்டியில் முதுகுக்கறியை உறையவைத்து எடுத்துக்கொண்டு, மீதியை அருகிலுள்ள கிராமத்துக்குக் கொடுப்பதுதான் பழக்கம். குளிர்காலம் முழுக்க மூஸ் கறியை நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய. நல்ல துண்டுகளாகக் கொடுங்கள், மண் ஒட்டிய மிச்சத்தை அல்ல. கொடுக்கும்போது கைமாற்றுப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். வெளிநாட்டுக்குக் கொம்பை அனுப்ப ஆங்கரேஜிலேயே ஏற்றுமதி வேலை தெரிந்த டாக்சிடெர்மிஸ்டிடம் (விலங்குகளைப் பதப்படுத்துபவர்) கொடுத்துவிடுங்கள், மூளைத் திசு துளியும் ஒட்டாமல் மண்டையோட்டுத் தகட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மான்களுக்கு வரும் நோய்க்குப் பயந்து கனடாவின் சில மாகாணங்கள் இதில் கெடுபிடியாக இருக்கின்றன. வேட்டை விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் ஹார்வெஸ்ட் ரிப்போர்ட்டை, மூஸ் விழுந்ததிலிருந்து 15 நாளுக்குள், இணையத்திலேயே நிரப்பி அனுப்பிவிடலாம். ஐந்து நிமிட வேலை.